வெளிநாட்டு ஒப்பந்தம் லயத்து வாசலுக்கு வரும்போது: பாராளுமன்றத்தைக் கேள்வி கேட்க வைப்பது எப்படி?

1964 ஒக்டோபர் 30. புது டில்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதில் இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளி மக்கள், பெரும்பாலும் மலையகத் தோட்டத்தவர்கள், 975,000 பேரைப் பற்றிக் கணக்குப் போட்டிருந்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். பத்து வருடம் கழித்து 1974இல் அந்த மீதியையும் 75,000, 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். எங்கள் அம்மாச்சி இந்தப் பக்கம் விழுந்தார், அவருடைய தங்கை அந்தப் பக்கம். தலைமன்னார் கோச்சியில் ஏற்றிவிட்ட பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

அந்த ஒப்பந்தம் கையெழுத்தானபோது மலையக மக்கள் வாக்களித்து அனுப்பிய சொந்தப் பிரதிநிதி ஒருவர்கூடப் பாராளுமன்றத்தில் இல்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸிலிருந்து 7 பேர் போனார்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அதற்கடுத்த சட்டங்களும் வாக்கைப் பறித்துவிட்டன. 1964இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நியமன உறுப்பினராகத்தான் சபையில் இருந்தார். பிரதமரோ செனட் சபையின் உறுப்பினர். அப்போது வெளிவிவகாரமும் பாதுகாப்பும் பிரதமரிடமே இருந்தன. ஆக, மக்கள் தெரிவு செய்த பிரதிநிதிகள் சபையில் அவரை நேருக்கு நேர் எழுந்து கேட்க வழியே இருக்கவில்லை.

வெளிநாட்டுக் கொள்கை கொழும்புக்காரர் விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். இந்த நாட்டில் வெளியுறவால் மலையகத்தாரைப் போல அடிபட்டவர்கள் அதிகம் இல்லை. இன்றும் தேயிலை யாருக்கு விற்பது, எங்கள் பெண்கள் எந்த நாட்டில் எந்தப் பாதுகாப்போடு வேலை செய்வது, இந்திய உதவி வீடு எந்தத் தோட்டத்துக்கு வருவது எல்லாம் ஒப்பந்தங்களால்தான் தீர்மானமாகிறது. அன்று இல்லாத வாக்கு இன்று கையில் இருக்கிறது. அதைத் தேர்தலுக்குத் தேர்தல் மட்டும் எடுத்துப் பார்க்காமல், நடுவிலும் எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

முதல் படி: விஷயத்தைச் சின்னதாக்குங்கள்

"அரசாங்கத்தின் வெளிநாட்டுக் கொள்கை சரியில்லை" என்று எழுதினால் யாரும் பதில் சொல்லமாட்டார்கள். நான் முதலில் எழுதிய கடிதம் அப்படித்தான் இருந்தது. இரண்டு பக்கம், நிறைய உணர்ச்சி, கேள்வி என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. பதிலே வரவில்லை. அடுத்த தடவை ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டேன். எந்த ஒப்பந்தம், எவ்வளவு பணம், எந்த அமைச்சு, எந்தத் திகதி. இந்த நான்கும் இருந்தால் அது கேள்வி.

உதாரணமாக, 2017 மே 12 அன்று நரேந்திர மோடி நோர்வூட் மைதானத்தில் பேசும்போது, ஏற்கனவே சொல்லப்பட்ட 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். பொகவந்தலாவையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் பஸ் பிடித்துப் போய் அதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த 10,000இல் இன்றுவரை எத்தனை முடிந்தது, எந்தத் தோட்டத்தில், வீட்டுக்குரிய 7 பேர்ச்சஸ் காணிக்கு உறுதிப்பத்திரம் கொடுத்தாயிற்றா என்று கேட்டால் அதுவும் வெளிநாட்டுக் கொள்கை பற்றிய கேள்விதான். இரண்டு அரசாங்கங்கள் சேர்ந்து கொடுத்த வாக்கு அது.

இரண்டாவது படி: யார் தீர்மானிக்கிறார் என்று பாருங்கள்

1978 அரசியலமைப்பின் 33ஆவது உறுப்புரைப்படி தூதுவர்களை நியமிப்பதும், போரையும் சமாதானத்தையும் பிரகடனப்படுத்துவதும் ஜனாதிபதியின் அதிகாரம். வெளிநாட்டோடு ஓர் ஒப்பந்தம் செய்ய வழக்கமாகப் பாராளுமன்றத்தின் முன்அனுமதி தேவையில்லை. அமைச்சரவை சம்மதித்தால் கையெழுத்து விழும். 157ஆவது உறுப்புரை ஒரு விதிவிலக்கு. வெளிநாட்டு முதலீட்டைப் பாதுகாக்கும் ஒப்பந்தம் ஒன்று தேசிய பொருளாதாரத்தின் அபிவிருத்திக்கு இன்றியமையாதது என்று மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் பாராளுமன்றம் தீர்மானித்தால் அதற்குச் சட்டவலு கிடைக்கும். மற்றபடி, கையெழுத்தான ஒப்பந்தம் தானாக உள்நாட்டுச் சட்டமாகாது, பாராளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். 2006இல் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம் எடுத்த நிலைப்பாடும் இதுதான்.

அப்படியென்றால் பாராளுமன்றத்தின் பிடி எங்கே இருக்கிறது? மூன்று இடத்தில். அமைச்சரவை பாராளுமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. பொது நிதியின் முழுக் கட்டுப்பாடு 148ஆவது உறுப்புரையால் பாராளுமன்றத்திடம் இருக்கிறது. சட்டம் இயற்றும் அதிகாரமும் அங்கேதான். உங்கள் கேள்வி இந்த மூன்றில் எதைத் தொடுகிறது என்று பாருங்கள். பணத்தைத் தொடும் கேள்விக்குத்தான் பதில் சீக்கிரம் வருகிறது என்பது என் அனுபவம்.

மூன்றாவது படி: கையெழுத்துக்கு முன்னாலேயே பிடியுங்கள்

அமைச்சரவை வாராவாரம் கூடுகிறது. அதன் தீர்மானங்கள் தமிழிலும் வெளியாகின்றன. அதில் "புரிந்துணர்வு ஒப்பந்தம்" என்று வரும் வரிகளைப் பாருங்கள். எந்த நாட்டோடு, எதைப்பற்றி என்று சுருக்கமாக இருக்கும். நான் செவ்வாய், புதன்கிழமைகளில் போனில் பார்த்து, தோட்டம், தேயிலை, வெளிநாட்டு வேலை, பாதுகாப்பு சம்பந்தப்பட்டதை ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வைக்கிறேன். திகதி ஒரு பக்கம், நாடு ஒரு பக்கம். இதைவிடப் பெரிய ஆயுதம் தேவையில்லை.

கையெழுத்தான பிறகு கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு 2025 ஏப்ரல் 5 ஒரு பாடம். இந்தியப் பிரதமரின் வருகையின்போது கொழும்பில் 7 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின. அவற்றில் ஒன்று பாதுகாப்பு ஒத்துழைப்பு பற்றியது. வாசகங்களைச் சபையில் சமர்ப்பிக்கச் சொல்லி எதிர்க்கட்சியினர் அதற்குப் பிறகு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த உடன்பாடு நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. படிக்காமல் எந்தப் பக்கமும் பேச முடியாது என்பதுதான் என் குறை. இது இந்தியாவோடு மட்டும் நடப்பதும் இல்லை. அமெரிக்காவுடன் 2007இல் செய்த இராணுவச் சேவைகள் பரிமாற்ற உடன்பாடும் பாராளுமன்ற விவாதம் இல்லாமலே கையெழுத்தானது.

நான்காவது படி: பாராளுமன்ற நாட்காட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்

வழக்கமாக மாதத்தின் முதல் வாரத்திலும் மூன்றாவது வாரத்திலும் சபை கூடும். காலை 9.30க்குத் தொடங்கும். அன்றைய ஒழுங்குப் பத்திரம் பாராளுமன்ற இணையத்தளத்தில் தமிழில் கிடைக்கும். அதில் நீங்கள் பார்க்க வேண்டியவை வாய்மூல விடைக்கான வினாக்கள், 27(2) நிலையியற் கட்டளையின் (சபை நடைமுறை விதியின்) கீழ் கட்சித் தலைவர்கள் எழுப்பும் அவசரக் கேள்விகள், பிறகு பின்னேரத்தில் வரும் ஒத்திவைப்புப் பிரேரணை. வெளிநாட்டு விவகாரம் திடீரென்று சூடாகும்போது 27(2)தான் வேகமான கதவு. ஆனால் அது கட்சித் தலைவர்களுக்குரியது. சாதாரண உறுப்பினரிடம் போய் "நாளைக்கே கேளுங்கள்" என்று சொல்லிப் பயனில்லை.

சரி, கேட்டாயிற்றா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சபையில் பேசியதை அப்படியே அச்சிடும் பதிவான ஹன்சாட் பாருங்கள். உறுப்பினர் பேசிய மொழியில்தான் பேச்சு அச்சாகும். எனவே அமைச்சர் சிங்களத்தில் பதில் சொன்னால் அது சிங்களத்தில்தான் இருக்கும். எங்கள் தோட்டத்தில் பாடசாலைக்குப் போகும் ஒரு பிள்ளை எனக்கு வாசித்துச் சொல்கிறாள். அவளுக்கும் அதனால் ஒரு பயிற்சி.

ஐந்தாவது படி: கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான இடம் இது. ஆறுதலாக வாசியுங்கள்.

நுவரெலியா மாவட்டத்துக்கு 8 உறுப்பினர்கள், பதுளைக்கு 9, கண்டிக்கு 12. விகிதாசார முறையில் மாவட்டத்தின் எல்லா உறுப்பினர்களும் உங்கள் உறுப்பினர்கள்தான். நீங்கள் விருப்பு வாக்குப் போட்டவர் மட்டும் அல்ல. சிங்கள உறுப்பினரும் உங்களுக்குக் கடமைப்பட்டவர். ஒரே கடிதத்தை எட்டுப் பேருக்கும் அனுப்பலாம், ஆனால் ஒருவரிடம் முதலில் கொடுத்து ஒரு மாதம் பொறுப்பது மரியாதை. அரசாங்கப் பக்கத்து உறுப்பினர் அமைச்சரிடம் நேரில் பேசி முடிப்பார், எதிர்க்கட்சி உறுப்பினர் சபையில் எழுப்புவார். எது வேண்டும் என்று முதலே முடிவு செய்யுங்கள். எனக்குச் சபையில் பதிவாவதுதான் பிடிக்கும். காதோடு காதாகச் சொன்ன வாக்குறுதிக்குச் சாட்சி கிடையாது.

இலங்கைப் பாராளுமன்றக் கேள்விக்கு ஒரு வடிவம் உண்டு. அந்த வடிவத்திலேயே எழுதிக் கொடுத்தால் உறுப்பினரின் செயலாளருக்கு வேலை குறைகிறது, உங்கள் காகிதம் குப்பைக் கூடைக்குப் போகும் வாய்ப்பும் குறைகிறது. இப்படி எழுதிப் பாருங்கள்:

வெளிநாட்டலுவல்கள் அமைச்சரைக் கேட்பதற்கு:
(அ) (i) நுவரெலியா மாவட்டத்திலிருந்து 2024ஆம் ஆண்டில் வீட்டுப் பணிக்காக மத்திய கிழக்குக்குச் சென்ற பெண்களின் எண்ணிக்கை நாடு வாரியாக யாது என்பதையும்;
(ii) அந்நாடுகளில் எவற்றுடன் தொழிலாளர் பாதுகாப்பு தொடர்பான உடன்படிக்கை நடைமுறையில் உள்ளது என்பதையும்;
(iii) அவ்வுடன்படிக்கைகளின் பிரதிகளைச் சபாபீடத்தில் சமர்ப்பிப்பாரா என்பதையும்;
(iv) அந்நாடுகளிலுள்ள இலங்கைத் தூதரகங்களில் தமிழில் முறைப்பாடு ஏற்கக்கூடிய உத்தியோகத்தர்கள் எத்தனை பேர் என்பதையும்
அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?
(ஆ) இன்றேல், ஏன்?

கடைசி "இன்றேல், ஏன்?" என்பதை விட்டுவிடாதீர்கள். அமைச்சர் மறுத்தால் காரணத்தோடு மறுக்க வைப்பது அந்த இரண்டு சொல்தான். (iv)ஐ நான் சேர்த்ததற்கு ஒரு கதை இருக்கிறது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மூன்றாவது காம்பறா அக்கா மத்திய கிழக்கு நாடொன்றில் வேலை செய்தபோது எட்டு மாதச் சம்பளம் கிடைக்கவில்லை. முறைப்பாடு சொல்ல ஓர் அலுவலகத்துக்குப் போன் எடுத்தால், எடுத்தவருக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்குக் கொழுந்து மலையில் பழகிய சிங்களம் கொஞ்சம் வரும், நடந்ததை விளக்க அது போதவில்லை. வைத்துவிட்டார். ஒப்பந்தத்தில் எத்தனை பாதுகாப்பு எழுதியிருந்தாலும் அந்தப் போனை எடுப்பவர் பேசும் மொழியில்தான் அது உயிரோடு இருக்கும். 2024 நவம்பரிலிருந்து வெளிநாட்டலுவல்கள், வெளிநாட்டு வேலைவாய்ப்பு, சுற்றுலா மூன்றும் ஒரே அமைச்சின் கீழ் இருப்பதால், "அது வேறு அமைச்சு" என்று தட்டிக்கழிக்கவும் முடியாது.

கேள்வி ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய பிறகும் அமைச்சர் எழுந்து "இரண்டு வாரம் அவகாசம் வேண்டும்" என்று சொல்வது சாதாரணம். மனம் தளராதீர்கள். பதில் வரும் நாளில் உறுப்பினர் துணைக் கேள்வி கேட்கலாம். அதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ஒரு வரி போதும். "தமிழ் உத்தியோகத்தர் இல்லாத தூதரகத்துக்கு எப்போது நியமிப்பீர்கள்?"

ஆறாவது படி: தகவலறியும் உரிமையைச் சேர்த்துப் பிடியுங்கள்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழில் எழுதலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழு. பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரமாக வையுங்கள். நாள் கணக்குக்கு அதுதான் ஆதாரம்.

வெளியுறவு விஷயம் என்றால் 5ஆவது பிரிவைக் காட்டி மறுப்பார்கள். தேசிய பாதுகாப்புக்குக் கேடு, வேறு நாட்டுடனான உறவுக்குப் பாதகம், இரகசியமாகப் பெறப்பட்டது என்ற காரணங்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் அதே பிரிவில், வெளியிடுவதால் வரும் பொதுநலன் தீங்கைவிடப் பெரிதானால் மறுக்கக்கூடாது என்றும் இருக்கிறது. 6ஆவது பிரிவின்படி ஓர் ஆவணத்தில் மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு மீதியைத் தரலாம். எனவே "முழு ஒப்பந்தத்தையும் தாருங்கள்" என்று எழுதிய பிறகு, "முடியாவிட்டால் 6ஆவது பிரிவின்படி தரக்கூடிய பகுதிகளைத் தாருங்கள்" என்று ஒரு வரி சேருங்கள்.

9ஆவது பிரிவைப் பலருக்குத் தெரியாது. 100,000 அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதியுதவித் திட்டம் ஒன்றைத் தொடங்க மூன்று மாதத்துக்கு முன்னரே அமைச்சர் பொதுமக்களுக்கும், குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் தகவலை வெளியிட வேண்டும். மலையகத்தின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023 ஜூலையில் இந்தியா 75 கோடி இந்திய ரூபா அறிவித்தது. அந்த மாதிரிப் பணத்தில் உங்கள் தோட்டத்தில் ஏதாவது தொடங்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், சங்கத் தலைவர் சொன்னார், தோட்டத் துரை சொன்னார் என்று இருக்காமல் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

ஏழாவது படி: குழுக்களைக் கவனியுங்கள்

சபையில் சத்தம் அதிகம், வேலை குழுவில் நடக்கிறது. அமைச்சுசார் ஆலோசனைக் குழுவுக்கு அமைச்சரே தலைவர். அதனால் அங்கே கூர்மையான விசாரணை எதிர்பார்க்க முடியாது, ஆனால் ஒரு குறிப்பிட்ட குறையைத் தீர்க்க அது நல்ல இடம். துறைசார் மேற்பார்வைக் குழுவுக்கு அமைச்சரல்லாத உறுப்பினர் தலைமை வகிப்பார், அதிகாரிகளை அழைத்துக் கேட்கலாம். தூதுவராகப் பெயரிடப்படுபவர்களை உயர் பதவிகள் பற்றிய குழு பார்க்கிறது. தூதரகக் கணக்கில் பிழை இருந்தால் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை வழியாகக் கோபா எனப்படும் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவுக்குப் போகும். குழுத் தலைவருக்குத் தமிழில் நேரடியாகக் கடிதம் எழுதலாம். பொது மனுக்கள் பற்றிய குழுவுக்குப் போக வேண்டுமானால் உறுப்பினர் ஒருவர் ஊடாகத்தான் மனு சமர்ப்பிக்க வேண்டும். தனிமனித அநீதிக்கு அது பொருத்தம், கொள்கைக்கு அல்ல.

வரவு செலவுத் திட்டக் காலத்தில் குழுநிலை விவாதம் வரும். அமைச்சு அமைச்சாகச் செலவுத் தலைப்பை எடுப்பார்கள். வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் நாளைக் குறித்து வையுங்கள். மலையக உறுப்பினருக்குக் கட்சி ஒதுக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். ஒரு வாரத்துக்கு முன்னர் ஒரே ஒரு பக்கத்தில், பெரிய எழுத்தில், மூன்று எண்ணிக்கைகளோடு குறிப்புக் கொடுத்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவார்.

எட்டாவது படி: "தேசிய பாதுகாப்பு" என்றால் பின்வாங்காதீர்கள்

இரகசியத்தைக் கேட்காமலே நிறையக் கேட்கலாம். எந்தச் சட்டத்தின் கீழ், யார் அனுமதித்தார்கள், எவ்வளவு செலவு, எத்தனை நாள், முடிந்ததும் யாருக்கு அறிக்கை. இந்த ஐந்தும் எதிரிக்கு உதவாது, மக்களுக்கு உதவும்.

2024 ஜனவரியில் செங்கடலுக்குக் கடற்படைக் கப்பல் அனுப்பப்போவதாக அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க ஒரு பொது நிகழ்ச்சியில் சொன்னார். இரண்டு வாரத்துக்கு 25 கோடி ரூபா செலவாகும் என்றும் சொன்னார். யேமனின் ஹூதி ஆயுதக் குழுவின் தாக்குதலால் கப்பல் கட்டணம் ஏறுகிறது என்பது காரணம். துருக்கிக்கும் கருங்கடல் பக்கத்துக்கும் போகும் தேயிலைப் பெட்டி அந்த வழியாகத்தான் போகிறது, ஆகவே மலையகத்துக்கு அதில் உண்மையான அக்கறை இருக்கிறது. அனுப்ப வேண்டும் என்று ஒருவர் வாதிடலாம், வேண்டாம் என்று இன்னொருவர் வாதிடலாம். அந்த வாதம் முதலில் சபையில் நடந்திருக்க வேண்டும். பணத்துக்குப் பொறுப்பான இடம் அதுதான்.

பாராளுமன்றம் நினைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள் பற்றிய தெரிவுக்குழு சாட்சி. பிரதிச் சபாநாயகர் ஆனந்த குமாரசிறி தலைமை. ஏப்ரல் 4 அன்றே வெளிநாட்டுப் புலனாய்வுத் தகவல் வந்துவிட்டது, அது உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் போகவில்லை என்பதை அதிகாரிகளின் வாயாலேயே, ஊடகங்களின் முன்னால் சொல்ல வைத்தார்கள். ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த விசாரணையை விரும்பவில்லை, கடைசியில் அவரும் சாட்சியம் கொடுத்தார். ஒக்டோபர் 23 அன்று அறிக்கை சபைக்கு வந்தது. புலனாய்வு என்றாலே வாயை மூட வேண்டும் என்று யாராவது சொன்னால் இந்த அறிக்கையை எடுத்துக் காட்டுங்கள்.

அவசரகாலப் பிரகடனத்துக்கும் 14 நாட்களுக்குள் பாராளுமன்ற அங்கீகாரம் வேண்டும், ஒவ்வொரு மாதமும் திரும்ப வர வேண்டும். உங்கள் உறுப்பினர் அன்று எப்படி வாக்களித்தார், சபையில் இருந்தாரா என்பதைப் பெயர் அழைத்து வாக்கெடுத்த நாட்களில் ஹன்சாட்டில் பார்க்கலாம். இதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே சிலர் சபையில் உட்காருவார்கள்.

ஒன்பதாவது படி: பதில் வந்த பிறகு

இங்கேதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறோம். பதில் வந்த ஹன்சாட் பக்கத்தை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று கோவில் மடத்திலோ வாசிகசாலையிலோ பிரட்டுக்களத்துச் சுவரிலோ ஒட்டுவதற்கு, மற்றது கோப்புக்கு. "நடவடிக்கை எடுக்கப்படுகின்றது" என்ற வாசகம் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் சிவப்புப் பேனாவால் கோடு போடுங்கள். திகதி சொல்லாத ஒவ்வொரு கோடும் உங்கள் அடுத்த கேள்வி. மூன்று மாதம் கழித்து, அதே உறுப்பினரிடம், முந்திய பதிலின் திகதியையும் பக்க எண்ணையும் முதல் வரியில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.